ஒரு சொட்டு உள்ளே போகாது

"இன்னொரு குடம் ஊத்து, அமிர்தம்."

"இதோட ஒன்பது குடம் மாஸ்டர். உங்களுக்கு ஜன்னி கின்னி வந்தா ஜெயசீலி அக்கா என்னைத்தான் கேப்பாங்க."

"ஊத்துன்னா ஊத்து. கேள்வியெல்லாம் அப்புறம்."

தையல்காரி அமிர்தவள்ளி ஸ்டூல் மேல் ஏறி நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பத்தாவது குடத்தைக் கவிழ்த்தாள். கீழே நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் ஞானசீலன். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் சாம்பிள் ரூம் மாஸ்டர். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்புத் தோல் உடுப்பு. கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"லெஃப்டுல ஒடிங்க மாஸ்டர், எருமை வருது," என்றார் தோலுக்கு மெருகேற்றும் ஃபினிஷிங் சர்தார் பாஷா, பீடியை வாயிலிருந்து எடுக்காமலே.

"சிரிங்க பாய், நல்லா சிரிங்க. நம்ம தோல் போட்டுக்கினு பந்தயத்துல ஒருத்தர் மழையில பறக்கப் போறாரு. அப்போ..."

பேச்சு நின்றது. முகம் ஒரு மாதிரி கோணியது.

"இன்னா மாஸ்டர் ஆச்சு?"

"ஜிப்பு."

"ஜிப்புக்கு இன்னா?"

"உள்ள வருது. நெஞ்சுல ஆரம்பிச்சுது. இப்போ எங்கெங்கயோ போய்ட்டிருக்கு."

அமிர்தவள்ளி திரும்பி நின்று சிரித்தாள். ஞானசீலனுக்குச் சிரிப்பு வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது.

பத்து நாள் முன்னால் மெட்ராஸிலிருந்து நரோத்தமன் என்று ஒருவர் வந்தார். ஒட்டகம் மாதிரி உயரம். கார் பந்தயம் ஓட்டுகிறவராம். அந்தக் காருக்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, சக்கரம் நாலும் உடம்புக்கு வெளியே நிற்குமாம்.

"போன வருஷம் சோழவரத்துல நல்ல மழை. மடியில தண்ணி தேங்கி, கை விறைச்சு, கியர் எது என் முட்டி எதுன்னே தெரியலை. இந்த வருஷமும் ஐப்பசிக் கடைசியிலதான் பந்தயம். எனக்கு ஒரு உடுப்பு வேணும், பூட்ஸ் வேணும், கையுறை வேணும். நனையக்கூடாது," என்றார்.

மேனேஜர் கலீமுல்லா, "நாங்க ஷூ பண்றவங்க..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ஞானசீலன் முந்திக்கொண்டார்.

"ஆம்பூர் தோல் சார். ஒரு சொட்டு உள்ள போகாது."

"நிச்சயமா?"

"போச்சுன்னா இந்த சாம்பிள் ரூம் நாற்காலியில நான் உக்கார மாட்டேன். லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய்டுவேன்."

மொத்த ஹாலும் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டது. ஆட்டுத்தோலை விரலால் தடவியே அது எந்தச் சந்தை ஆடு என்று சொல்கிற மனுஷன். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அனுப்பிய சாம்பிள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த நாற்காலியின் குஷனை வேறு யாரும் எடுத்துத் தட்டக்கூட மாட்டார்கள்.

நரோத்தமன் போனபிறகு கலீமுல்லா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, சத்தியம் பண்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? உங்களை விட்டா எனக்கு யாரு?"

"போனாத்தானே சார் பேச்சு."

இப்போது ஜிப்பு வழியாகப் போய்விட்டது.

"ஜிப்பே வேணாம். எடுத்துடு," என்றார் ஞானசீலன், சொட்டச் சொட்ட எழுந்து.

"அப்புறம் எப்படி மாஸ்டர் மூடறது?"

"நமக்குத் தெரிஞ்ச மாதிரி."

அவர்களுக்குத் தெரிந்தது ஷூ. உடுப்பின் முன்பக்கத்தில் ஷூவுக்கு வைப்பதுபோல ஒரு நாக்கு வைத்தார்கள். அதன் இரண்டு பக்கமும் இருபத்தாறு இருபத்தாறு கண், ஒவ்வொன்றிலும் பித்தளை வளையம். ஆறு முழம் லேஸ். கழுத்தில் தொடங்கி இடுப்புக்குக் கீழே வரை இறுக்கிக் கட்ட இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒருவர் இழுக்க, ஒருவர் முதுகில் முழங்காலை வைத்து அழுத்த.

"மூச்சு வருதா மாஸ்டர்?"

"வருது... கம்மியா."

"பார்க்க நாப்பத்திரெண்டு சைஸ் ஷூ மாதிரியே இருக்கீங்க," என்றாள் அமிர்தவள்ளி. "பாலிஷ் போட்டுடலாமா?"

மறுபடி குடம். இப்போது நாக்கு வழியாக வரவில்லை. தையல் வழியாக வந்தது. ஊசி போன இடமெல்லாம் ஓட்டை.

"என்கிட்ட விடுங்க," என்று பீடியைக் கீழே போட்டார் சர்தார் பாஷா. "மீன் எண்ணெய், கொழுப்பு, ரெண்டையும் காய்ச்சி மூணு கை ஏத்தறேன். மீனு தண்ணியில நனையுதா? அதே மாதிரிதான்."

மூன்று நாள் ஏற்றினார். தோல் கறுப்பு வைரம் மாதிரி மின்னியது. எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஞானசீலன் அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவி ஜெயசீலியிடம் காட்ட வீட்டுக்கு நடந்தார். பஜார் தாண்டும்போது பின்னால் நாலு நாய். மசூதித் தெரு முனையில் ஒன்பது. வீட்டு வாசலில் எண்ண முடியவில்லை. பூனைகள் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

"இன்னாங்க இது, ஊர்வலமா?" என்றாள் ஜெயசீலி. வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ் அவள். எதற்கும் சட்டென்று பதறமாட்டாள்.

"ஏன்னு தெரியல. வாடை கீடை அடிக்குதா?"

ஜெயசீலி முகர்ந்தாள். "ஒண்ணும் இல்லையே."

மறுநாள் சாம்பிள் ரூமில் வரிசையாக நிறுத்தி முகரச் சொன்னார். அமிர்தவள்ளி, "ஒண்ணும் இல்ல." சர்தார் பாஷா, "சுத்தமா இருக்கு." கலீமுல்லா, "நாய்க்குப் பைத்தியம்." பிறந்ததிலிருந்து தோல் பதனிடும் ஷாப்புக் காற்றையே இழுத்து வளர்ந்த மூக்குகள். அவற்றுக்கு எதுவும் தெரியவில்லை.

அப்போது டைப்பிஸ்ட் கிரேஸி உள்ளே வந்தாள். பாளையங்கோட்டையிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வந்தவள் அப்படியே நின்றாள். கையிலிருந்த ஃபைல் விழுந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பைப்படிக்கு ஓடினாள்.

"ஆஹா, ஒரு மூக்கு கிடைச்சுது," என்று எழுந்தார் ஞானசீலன். "பாய், அந்தப் பொண்ணு ஓடாம நிக்கற வரைக்கும் விடாதீங்க."

சர்தார் பாஷா அத்தர் போட்டார். ஒரு புட்டி முழுக்க. கிரேஸியை அழைத்து, உடுப்பைத் தூரத்தில் பிடித்து, "எப்படி இருக்கும்மா?" என்றார்.

கிரேஸி மரியாதை தெரிந்த பெண். கொஞ்சம் யோசித்தாள். "கல்யாண வீட்டுல மீன் செத்துப்போன மாதிரி இருக்கு சார்."

ஞானசீலன் அன்று சாப்பிடவில்லை. பந்தயத்துக்கு ஆறே நாள். ஜெயசீலிதான், "சும்மா உக்காந்து யோசிக்காதீங்க. வாடைய வெளிய விடக்கூடாது, தண்ணிய உள்ள விடக்கூடாது. மெழுகு பூசுங்க," என்றாள்.

"மெழுகுக்கு எங்க போறது?"

"கிறிஸ்மஸ் பவனிக்குன்னு மாதர் சங்கத்துல வாங்கின மெழுகுவத்தி நம்ம வீட்டு அலமாரியிலதான் இருக்கு. நூத்தி அறுபது. எடுத்துக்குங்க. இயேசப்பா கோவிச்சுக்க மாட்டாரு, சங்கத்துத் தலைவியத்தான் நான் சமாளிக்கணும்."

நூற்றறுபதையும் உருக்கித் தேய்த்தார்கள். தையல் மேலெல்லாம் உள்பக்கம் ரப்பர் சொல்யூஷன் போட்டு நாடா ஒட்டினார்கள். கிரேஸி வந்து முகர்ந்து, ஓடாமல் நின்றாள். "சர்ச் வாசனை," என்றாள். ஹாலில் கைதட்டல்.

ஆனால் மெழுகு இறுகியதும் உடுப்பு மடியவில்லை. ஆணியில் மாட்ட முடியவில்லை. கதவோரம் தானாகவே நின்றது, கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு.

கலீமுல்லா அவசரமாக உள்ளே வந்தார். "யாருப்பா நீ? ஷிப்ட் நேரத்துல இன்னா இங்க நிக்கறே? போ, போய் மிஷின்ல உக்காரு."

அது போகவில்லை.

"காது கேக்கலையா? எந்த செக்‌ஷன்?"

"சார்," என்றாள் அமிர்தவள்ளி மெதுவாக, "அவரு இன்னும் வேலைக்குச் சேரல."

எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தபோது ஞானசீலன் மட்டும் அந்த உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கைதட்டினார்.

"நிக்குதுல்ல? அப்போ உக்காரவும் வைக்கலாம். கார் ஓட்டறவரு நின்னுக்கினா ஓட்டப்போறாரு? ஷூ எப்படிக் காலோட உருவம் வாங்குது? மரக்கட்டை அச்சுல மாட்டி இறுக்கறோம். இதுக்கு அச்சு நானு."

"நீங்களா? அந்த ஆளு உங்களை விட முக்கால் முழம் உசரமாச்சே."

"தோள்லயும் கால்லயும் துணி திணிச்சுக்கறேன்."

காலை பத்து மணிக்கு உடுப்பை லேசாகச் சூடுகாட்டி அவருக்கு மாட்டினார்கள். நாற்காலியைச் சாய்த்து, காலை நீட்டி, கையை ஸ்டீயரிங் பிடிக்கிற கணக்கில் கயிறு கட்டித் தூக்கி வைத்தார்கள். நாலு மணி வரை அசையாமல் உட்கார்ந்தார். மத்தியானச் சோற்றை அமிர்தவள்ளி உருட்டி வாயில் போட்டாள். "எங்க ஆயாவுக்குக்கூட நான் இப்படி ஊட்டினதில்ல," என்று சொல்லிக்கொண்டே.

நாலு மணிக்கு உருவம் அச்சாக விழுந்துவிட்டது. அவர்தான் எழுந்திருக்க முடியவில்லை. லேஸ் முடிச்சிலும் மெழுகு இறுகிப்போயிருந்தது.

"கத்தியால வெட்டிடலாமா?"

"லேஸை வெட்டினா கண்ணு கிழியும். கைய வெச்சே, தொலைச்சுடுவேன்."

வேறு வழியில்லாமல் குதிரை வண்டியில் தூக்கி வைத்தார்கள். பஜார் வழியாக, கால் நீட்டி, கையை முன்னால் தூக்கி, ஞானசீலன் வீட்டுக்குப் போனார். டீக்கடையில் இருந்தவர்கள் அவர் ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். பக்கத்து வீட்டு மீனாம்பாள் வாசலுக்கே ஓடிவந்தாள்.

"ஐயோ ஜெயசீலி, மாஸ்டருக்கு இன்னா, வாதமா?"

"வாதமில்லக்கா, பிடிவாதம். ஒரு கை பிடிங்க, உள்ள கொண்டு போவோம்."

வெந்நீர்த் துணியை ஒவ்வொரு முடிச்சாக ஒற்றி, ஒரு மணி நேரம் போராடி, ஜெயசீலி அவரை வெளியே எடுத்தாள். அவர் வெளியே வந்த பிறகும் உடுப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"இப்போ பாரு," என்றார் ஞானசீலன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "உலகத்துல எவனாவது இப்படி ஒண்ணு பண்ணியிருப்பானா?"

"பண்ணியிருக்கவே மாட்டான்," என்றாள் ஜெயசீலி.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. ரேடியோவில் புயல் என்றார்கள். சர்தார் பாஷா உள்ளே ஓடிவந்து, "மாஸ்டர், மழை!" என்று கத்தினார், ஏதோ மாப்பிள்ளை வந்துவிட்ட மாதிரி. கலீமுல்லாவின் ஜீப்புக்கு மேல்துணியைக் கழற்றினார்கள். ஞானசீலனை உடுப்போடு தூக்கி வைத்தபோது சீட்டில் கச்சிதமாகப் பொருந்தினார். உடுப்புக்குள் நெஞ்சோடு ஒரு தினசரித் தாள், மடித்து.

கலீமுல்லா மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு, வேலூர் ரோட்டில் மாதனூர் வரைக்கும் மிதித்தார், திரும்பினார். லாரிக்காரர்கள் பிரேக் போட்டுப் பார்த்தார்கள். கலீமுல்லா மழைக்கோட்டுக்குள் தொப்பலாக நனைந்து தும்மிக்கொண்டு இறங்கினார். ஞானசீலனை இறக்கி, லேஸ் அவிழ்த்து, அமிர்தவள்ளி முதலில் கை விட்டாள்.

"பனியன் காஞ்சிருக்கு!"

"தாளு?"

தாளை எடுத்து விரித்தாள். மொரமொரவென்று விரிந்தது. கலீமுல்லா அதில் ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்தே காட்டினார். ஹாலில் மிஷின் எல்லாம் நின்றது. எழுந்து நின்று கைதட்டினார்கள். ஞானசீலன் யாரையும் பார்க்காமல், முத்திரை அச்சு ஒன்றை எடுத்துவந்து, உடுப்பின் கழுத்துப் பட்டையின் உள்பக்கம் 'ஆம்பூர்' என்று ஆழமாக அடித்தார். அடித்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்று அவர் உட்கார்ந்த விதமே வேறு.

சனிக்கிழமை நரோத்தமனின் மெக்கானிக் வேலு வேன் எடுத்துக்கொண்டு வந்தான். உடுப்பைச் சுற்றிவந்து பார்த்தான். "யாரு உள்ள உக்காந்திருக்கறது?" என்று கேட்டான். யாரும் இல்லை என்று நிரூபித்தார்கள். பூட்ஸ் பெட்டியைத் திறந்தான். கையுறைப் பெட்டியைத் திறந்தான். மறுபடி இரண்டையும் திறந்தான்.

"சார், இன்னொரு கால் எங்க?"

"எந்தக் காலு?"

"இடது காலு. கையும் ஒண்ணுதான் இருக்கு."

வெளிநாட்டுக்கு சாம்பிள் அனுப்பினால் எப்போதும் ஒற்றைக் கால்தான். வலது காலைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஞானசீலன் ஒரு இடது கால் தைத்ததில்லை.

"எங்க சாருக்கு ரெண்டு காலுங்க," என்றான் வேலு பயந்துபோய்.

"தெரியும்பா! அமிர்தம், வலது பக்கத்து அளவு அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டு. பாய், எண்ணெய் காய்ச்சுங்க. இந்தப் பேஜார் வெளிய தெரிஞ்சா மானம் போச்சு."

அஞ்சு மணி நேரத்தில் ஒரு இடது பூட்ஸும் ஒரு இடது கையுறையும் பிறந்தன. இரண்டு பூட்ஸையும் உடுப்பின் காலோடு சேர்த்துத் தைத்து, மெழுகு ஊற்றி, ஒரே உருப்படியாக்கிவிட்டார் ஞானசீலன். இனிமேல் எந்த இடைவெளியும் கிடையாது. வேன் புறப்பட்டபோது உடுப்பு முன் சீட்டில் வேலு பக்கத்தில் உட்கார்ந்து போயிற்று. அமிர்தவள்ளி கையசைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் வானம் கிழிந்து ஊற்றியது. சர்ச்சில் பாதி பெஞ்சு காலி. ஞானசீலன் மட்டும் முழங்காலில் நின்று நெடுநேரம் ஜெபம் பண்ணினார்.

"மழை நிக்கணும்னா, ஜாஸ்தி பெய்யணும்னா?" என்று கிசுகிசுத்தாள் ஜெயசீலி.

"ஜாஸ்தி."

"ஊரே தண்ணியில போகுது, இவருக்கு ஜாஸ்தி வேணுமாம். ஆமென்."

திங்கட்கிழமை காலை வேலு வந்தான். உடுப்பைத் தோளில் சுமந்துவந்து சாம்பிள் ரூம் மேஜைமேல் வைத்தான். வைத்தபோதே ஞானசீலனுக்குக் கேட்டது. உள்ளே தளக் என்று ஒரு சத்தம்.

"சார் இதைக் காட்டிட்டு வரச் சொன்னாரு," என்றான் வேலு.

அமிர்தவள்ளி பூட்ஸ் பக்கம் தூக்கிப் பிடித்து, கழுத்துப் பக்கம் பக்கெட்டை வைத்தாள். ஊற்றியது. நின்று, மறுபடி ஊற்றியது. அரை பக்கெட்.

ஞானசீலன் சிம்னி விளக்கை ஏற்றி, உடுப்புக்குள் காட்டி, தையல் தையலாகப் பார்த்தார். நாடா பிரியவில்லை. மெழுகு விடவில்லை. ஒரு கண் கிழியவில்லை.

"எங்க வழியா போச்சுன்னே தெரியலையே அமிர்தம்."

"தெரியல மாஸ்டர்," என்றாள் அவள். அன்று கேலி வரவில்லை அவளுக்கு.

"எத்தினி நேரம்பா உங்க சார் இதுல இருந்தாரு?"

"மேகம் கறுத்துச்சுன்னு ஒன்பது மணிக்கே மாட்டிட்டோம். கழட்டினது நாலு மணிக்கு. கழட்டவே முக்கால் மணி நேரம் ஆச்சு சார், நாலு பேர் புடிச்சோம். ரெண்டாவதா வந்தாரு, கப்பு குடுத்தாங்க, அதையும் உக்காந்த மாதிரியேதான் வாங்கினாரு. ஆனா சார்..."

"ஏழு மணி நேரம்! அவ்ளோ நேரமும் அந்த மனுஷன் தண்ணிக்குள்ள!" ஞானசீலன் கையெடுத்து வேலுவைத் தடுத்தார். "வேணாம்பா. நீ சமாதானம் சொல்லாதே. நான் வாய் விட்டவன். கிரேஸி, பேப்பர் மாட்டும்மா. 'மேனேஜர் அவர்களுக்கு'ன்னு ஆரம்பி."

கிரேஸி மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். கலீமுல்லா ஓடிவந்தார்.

"ஞானசீலன், இது ஷூவே இல்ல, கணக்குல வராது. உக்காருங்க."

"சொன்ன வார்த்தை வார்த்தைதான் சார். ஒரு சொட்டுன்னு சொன்னேன். இது அரை பக்கெட்." தன் நாற்காலியிலிருந்து குஷனை எடுத்து, தூசி தட்டி, அமிர்தவள்ளி கையில் கொடுத்தார். "நீ உக்காரு. எனக்கப்புறம் உனக்குத்தான் கை இருக்கு. இடது காலையும் மறக்காம தையி."

"நான் உக்கார மாட்டேன் மாஸ்டர்."

"வேலு, உங்க சார்கிட்ட சொல்லு. ஆம்பூர் தோல் மேல தப்பில்ல, பண்ணவன் மேலதான் தப்பு. அவ்வளவு மழைய நான் தாங்க வைக்கலைன்னு சொல்லு."

அதுவரை டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த வேலு, வாய் திறந்தான்.

"எந்த மழை சார்? அந்த மேகம் பத்து மணிக்கே கலைஞ்சுபோய் சோழவரத்துல மண்டை பிளக்கிற வெயிலு. இது பூரா எங்க சாரோட வேர்வை, ஒரு சொட்டைக்கூட உங்க தோலு வெளிய விடல!"